திரையிலிருந்து வரும் ‘அருமை!’: குழந்தை அதை எப்படி எடுத்துக்கொள்கிறது?

குழந்தைகளுக்கான கற்றல் செயலிகளில் இப்போது ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரு முகம் இருக்கிறது. ஆந்தை, கரடி, குட்டி ரோபோ, கண்ணாடி போட்ட அக்கா என்று உருவம் மாறலாம், வேலை ஒன்றுதான். குழந்தை விடையைத் தட்டியதும் அந்த முகம் ஏதாவது ஓர் உணர்வைக் காட்ட வேண்டும். விடை சரியென்றால் துள்ளிக் குதிக்கும். தப்பென்றால் முகம் வாடும். ரொம்ப நேரம் பதிலே வராவிட்டால், “பரவாயில்லை, உன்னால் முடியும்” என்று தேற்றும். முன்பெல்லாம் இதற்கென்று எழுதி வைத்த பத்திருபது வாக்கியங்களே சுற்றிச் சுற்றி வரும். சாட்ஜிபிடி போன்றவற்றுக்கு அடிப்படையான பெரிய மொழி மாதிரிகள் வந்த பிறகு, குழந்தை எழுதியதைப் படித்து அதற்கேற்ப உருகிப் பேசுகிற அளவுக்கு இந்தப் பேச்சு சரளமாகிவிட்டது.

அன்பாகப் பேசுகிற ஆசிரியரிடம் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த அனுபவம். அதனால் அன்பாகப் பேசுகிற செயலியும் நல்லதுதானே என்று தோன்றும். ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. இயந்திரம் காட்டும் உணர்வு சில மாணவர்களைத் தூக்கிவிட்டிருக்கிறது, சிலரைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. பல சமயம் கற்றலில் எந்த மாற்றமும் செய்யாமல் குழந்தையைச் சந்தோஷமாக மட்டும் வைத்திருந்திருக்கிறது. எங்கே எது நடக்கும் என்பதில் குரலின் இனிமைக்குப் பங்கு குறைவு. அந்த உணர்வு, குழந்தை செய்த எந்தக் காரியத்தோடு சேர்ந்து வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என் வாதம்.

முகம் வந்த கதை

1953-இல் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் தன் மகளின் கணக்கு வகுப்பைப் போய்ப் பார்த்தார். பிள்ளைகள் கணக்கைப் போட்டுவிட்டு, அது சரியா தப்பா என்று தெரியாமலே உட்கார்ந்திருந்தது அவரை உறுத்தியது. அடுத்த ஆண்டே கற்பிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து காட்டினார். விடை போட்டவுடன் சரியா தப்பா என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான். முகமும் கிடையாது, பாராட்டும் கிடையாது. சரியாகப் போட்டோம் என்று தெரிவதே குழந்தைக்குப் போதுமான பரிசு என்று அவர் நினைத்தார்.

அந்த இயந்திரத்துக்கு முகம் கிடைக்க நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆனது. 1997-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் லெஸ்டரும் அவருடைய குழுவினரும் ‘ஹெர்மன்’ என்ற பூச்சியைப் பற்றி எழுதினார்கள். வெவ்வேறு சூழல்களில் பிழைக்கக்கூடிய செடியை வடிவமைக்கும் பாடம் அது. ஹெர்மன் திரையில் கூடவே வந்து ஆலோசனை சொல்லும். நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 100 பேரிடம் சோதித்தார்கள். பூச்சி அதிகம் வாய் திறக்காத வடிவத்தில்கூட, உயிருள்ளது போல ஒன்று கூட இருப்பதே பாடத்தைப் பற்றிய மாணவர்களின் எண்ணத்தை உயர்த்தியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ரோசலிண்ட் பிகார்ட், கணினிகள் மனித உணர்வை அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும் என்று விரிவாக வாதிட்டார். அதிலிருந்து தனியாக ஒரு துறையே வளர்ந்தது.

1997-இல் வந்த இன்னோர் ஆய்வு இவை இரண்டையும்விட முக்கியமானது என்று நினைக்கிறேன். பி.ஜே. ஃபாக், கிளிஃபர்ட் நாஸ் என்ற இருவர், பெரியவர்களைக் கணினியோடு சேர்ந்து ஒரு வேலையில் ஈடுபட வைத்து, கணினி அவர்களைப் புகழும்படி செய்தார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும், “இந்தப் புகழ்ச்சிக்கும் நீங்கள் செய்யும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அது தெரிந்தும் அவர்களுக்கு மனம் குளிர்ந்தது. உண்மையான பாராட்டுப் பெற்றவர்களைப் போலவே தங்கள் வேலையையும் கணினியையும் உயர்வாக மதிப்பிட்டார்கள். படித்த பெரியவர்களுக்கே இப்படி என்றால், ஆறு வயதுக் குழந்தையிடம் “அது வெறும் இயந்திரம்தான்” என்று சொல்லி வைப்பது பெரிய பாதுகாப்பு ஆகாது.

அதற்காகக் குழந்தைகள் எதையும் அப்படியே நம்பிவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. எம்.ஐ.டி.யின் சிந்தியா பிரசீலும் ஹார்வர்டின் பால் ஹாரிஸும் மற்றவர்களும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் இரண்டு ரோபோக்களைச் சந்தித்தார்கள். ஒன்றின் அசைவுகள் குழந்தையின் பேச்சுக்குப் பொருந்தி வந்தன. மற்றதும் அசைந்தது, ஆனால் பொருந்தாமல். குழந்தைகள் முதல் ரோபோவைத்தான் அதிகம் கவனித்தார்கள். அது சொன்ன தகவலைத்தான் அதிகம் ஏற்றுக்கொண்டார்கள். ‘இது எனக்குப் பதில் சொல்கிறதா, சும்மா ஆடுகிறதா’ என்று பிரித்துப் பார்க்கும் திறமை அந்த வயதிலேயே வந்துவிடுகிறது. எதைச் செய்தாலும் கைதட்டும் கரடியை முதல் நாள் ரசிக்கும் குழந்தை கொஞ்ச நாளில் அதன் பக்கமே திரும்பாமல் போவதை இது ஓரளவு விளக்குகிறது.

பாராட்டுக்குள் இருக்கும் தீர்ப்பு

பின்னூட்டம் என்றாலே நல்லது என்ற நம்பிக்கையை 1996-இல் குளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் அசைத்தார்கள். அதுவரை நடந்த சோதனைகளிலிருந்து 607 அளவீடுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சராசரியாகப் பின்னூட்டம் உதவத்தான் செய்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற பக்கம் திரும்பும்போது பின்னூட்டத்தின் பலன் குறைகிறது என்பது அவர்களின் விளக்கம். பாராட்டும் இதற்கு விலக்கில்லை.

ஆறுதலும் இதில் வரும் என்பதுதான் பலரும் எதிர்பார்க்காதது. சாண்ட்ரா கிரகாம் 1984-இல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய சோதனை ஒன்று இருக்கிறது. புதிர் ஒன்றில் பிள்ளைகள் தோற்றுப்போகிறார்கள். கூட இருப்பவர் சிலரிடம் அனுதாபம் காட்டுகிறார், சிலரிடம் லேசான கோபம் காட்டுகிறார், மற்றவர்களிடம் எதையும் காட்டவில்லை. அப்புறம், ஏன் தோற்றீர்கள் என்று கேட்டால், அனுதாபம் கிடைத்த பிள்ளைகள் தங்களுக்குத் திறமை போதாது என்ற பக்கம் சாய்ந்தார்கள். கோபத்தைப் பார்த்தவர்கள், நாம் போதுமான அளவு முயலவில்லை என்ற பக்கம் சாய்ந்தார்கள். இதை வைத்துக் குழந்தையிடம் கோபப்படலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதிலிருந்து தெரிவது வேறு: பெரியவர்களின் முகத்தைக் குழந்தை ஒரு தகவலாகப் படிக்கிறது. ‘நீ தோற்றதற்காகப் பாவப்படுகிறேன்’ என்று முகம் சொன்னால், ‘இது உன் கையில் இல்லாத விஷயம்’ என்று குழந்தை அதற்கு உரை எழுதிக்கொள்கிறது. கேட்காமலே வரும் உதவியும் அப்படித்தான் படிக்கப்படுகிறது என்று கிரகாமும் பார்க்கரும் 1990-இல் காட்டினார்கள். ஆசிரியர் தானாக வந்து உதவிய பிள்ளையைப் பார்க்கும் மற்றப் பிள்ளைகள், அவனுக்குத் திறமை குறைவு என்று முடிவு செய்தார்கள்.

பத்து விநாடி தாமதித்தால் தானாகக் குதித்து வந்து, “கஷ்டமா இருக்கா செல்லம்? நான் உதவட்டுமா?” என்று கேட்கும் பொம்மையை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். அதை வடிவமைத்தவரின் எண்ணம் நல்லதுதான். ஆனால் யோசித்துக்கொண்டிருந்த குழந்தைக்கு, யோசிப்பதையே ஒரு குறையாக அது சுட்டிக்காட்டிவிடுகிறது.

மிகைப் பாராட்டைப் பற்றி 2014-இல் எடி ப்ரம்மல்மன் குழு நெதர்லாந்தில் செய்த ஆய்வும் இதே திசையில் போகிறது. குழந்தைகள் வான்கா ஓவியம் ஒன்றைப் பார்த்து வரைந்தார்கள். சிலருக்கு “அழகாக வரைந்திருக்கிறாய்” என்று குறிப்பு வந்தது. சிலருக்கு “நம்பவே முடியாத அளவுக்கு அழகு” என்று வந்தது. சிலருக்கு எதுவும் வரவில்லை. அடுத்ததாக எளிய படம், கடினமான படம் இரண்டில் எதை வரைவது என்று அவர்களே தேர்ந்தெடுக்கலாம். தன்மதிப்பு குறைவாக உள்ள குழந்தைகள் மிகைப் பாராட்டுக்குப் பிறகு எளியதையே நாடினார்கள். அந்த உயரத்துக்கு மறுபடி ஏற முடியுமா என்ற பயம் அவர்களுக்கு. தன்மதிப்பு அதிகம் உள்ளவர்களிடம் இதற்கு நேர்மாறாக நடந்தது. இதே ஆய்வில் வந்த இன்னொரு தகவல்தான் நெஞ்சில் தைக்கிறது: பெரியவர்கள் மிகைப் பாராட்டை அதிகம் கொடுப்பது தன்மதிப்பு குறைந்த குழந்தைகளுக்கே. யாருக்கு அது கெடுதல் செய்யுமோ அவர்களுக்கே அள்ளிக் கொடுக்கிறோம். ‘தடுமாறும் குழந்தைக்குக் கூடுதல் பாராட்டு’ என்று நிரல் எழுதினால், நாம் பாசத்தில் செய்யும் இந்தத் தவறை இயந்திரம் நாள் முழுக்க, களைப்பே இல்லாமல் செய்யும்.

‘நீ கெட்டிக்காரன்’ என்ற பாராட்டுக்கும் ‘நன்றாக உழைத்தாய்’ என்ற பாராட்டுக்கும் உள்ள வேறுபாட்டை 1998-இல் கிளாடியா முல்லரும் கரோல் ட்வெக்கும் காட்டியது பலருக்கும் தெரிந்திருக்கும். செயலிகள் செய்பவர்களுக்கும் தெரியும். அதனால் ‘உன் முயற்சி அருமை!’ என்று மாற்றிக்கொண்டார்கள். ஆனால் முயற்சியே செய்யாமல் கண்ணை மூடிக்கொண்டு தட்டிய விடைக்கும் அதே வாக்கியம் வந்தால் என்ன பயன்? சொல் மாறியிருக்கிறது, குழந்தை செய்த காரியத்தோடு அதற்கு உறவு இன்னும் வரவில்லை.

தேர்ந்த மனித ஆசிரியர்கள் தனியாக ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது என்ன செய்கிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்டின் மார்க் லெப்பர் பல ஆண்டுகள் கவனித்தார். அவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே பாராட்டினார்கள். தப்பைத் ‘தப்பு’ என்று நேராகச் சொல்லாமல், குழந்தையே கண்டுகொள்ளும்படி ஒரு கேள்வி கேட்டார்கள். பாராட்டும்போது குழந்தையை விட்டுவிட்டு வேலையைப் பற்றிப் பேசினார்கள். கொடுக்கப்போகும் கணக்கு கொஞ்சம் கடினமானது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். அதனால் ஜெயித்தால் பெருமை, தோற்றால் அவமானம் இல்லை. பாசம் அவர்களிடம் நிறைய இருந்தது. அது கவனிப்பாக வெளிப்பட்டது.

ஒரு தப்புக் கணக்கின் அருகில்

ஒரு குழந்தை 1/2 + 1/3 = 2/5 என்று போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ளவற்றை மேலேயும் கீழே உள்ளவற்றைக் கீழேயும் கூட்டிவிட்டது. எங்கும் பிள்ளைகள் செய்கிற தப்புதான். இங்கே செயலியில் இருக்கும் மெய்நிகர் ஆசிரியர் என்ன சொல்கிறது?

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “அச்சச்சோ! பரவாயில்லை, அடுத்த கணக்கில் கண்டிப்பாக ஜெயிப்பாய்” என்று சொல்லலாம். குழந்தைக்கு இதில் கிடைத்த தகவல் ஒன்றே ஒன்று: நான் தோற்றுவிட்டேன், அதற்காக இது வருத்தப்படுகிறது. “நல்ல முயற்சி! சரியான விடை 5/6” என்று சொல்லலாம். விடை கிடைத்துவிட்டது, தான் போட்டது ஏன் தப்பு என்பது அப்படியே இருக்கிறது.

“மேலே மேலே, கீழே கீழே கூட்டியிருக்கிறாய், புரிகிறது. 2/5 பாதியைவிடப் பெரிதா, சின்னதா? ஒரு கோடு போட்டுப் பார்” என்றும் சொல்லலாம். குழந்தை ஒரு கோடு போட்டு ஐந்தாகப் பிரிக்கிறது. இரண்டு பங்கை எண்ணுகிறது. பாதிக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. ஆனால் தொடங்கியதே பாதியில்தானே? பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு எப்படிப் பாதிக்கும் குறையும்? புருவம் சுருங்குகிறது. பென்சில் நிற்கிறது.

பொம்மை அவசரப்பட்டுத் தேற்றக் கூடாத நேரம் இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் குழந்தை கஷ்டப்படுவது போல இருக்கும். உள்ளே நடப்பது கற்றல். சிட்னி டிமெல்லோவும் ஆர்தர் கிரேசரும் 2012-இல் விவரித்த உணர்வுச் சுழற்சி இதைத் தெளிவாகப் பிடிக்கிறது. ஈடுபாட்டோடு போய்க்கொண்டிருக்கும் மனம் ஒரு முரண்பாட்டில் இடித்துக்கொண்டு குழம்புகிறது. குழப்பம் அவிழ்ந்தால் மறுபடி ஈடுபாடு. அவிழாமலே நீண்டால் எரிச்சல். எரிச்சலும் நீண்டால் சலிப்பு. சலிப்பு வந்தால் எல்லாம் போச்சு. மூன்று வெவ்வேறு கணினிக் கற்றல் சூழல்களை வைத்து ரயன் பேக்கரும் மற்றவர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சலிப்புதான் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. குறைவான கற்றலோடும் அதுதான் சேர்ந்து வந்தது. எரிச்சல் அவ்வளவு கெடுதல் செய்யவில்லை.

ஆக, உணர்வுப் பின்னூட்டத்தின் உண்மையான வேலை குழப்பத்தைத் துடைத்து எறிவதில்லை. அவிழ்கிற வரை குழந்தை அதில் தாக்குப்பிடிக்க உதவ வேண்டும். “இது குழம்ப வைக்கிற இடம்தான். அவசரமில்லை, கோட்டை இன்னொரு தரம் பார்” என்ற அமைதியான ஒரு வாக்கியம் அதற்குப் போதும். பிறகு குழந்தை ஆறு பங்காகப் பிரித்து 5/6-க்கு வந்ததும், “பாதியோடு ஒப்பிட்டுப் பார்த்தாயே, அதனால்தான் தப்பு பிடிபட்டது” என்றால், அது பாராட்டும் ஆயிற்று, அடுத்த கணக்குக்கு ஒரு வழியும் ஆயிற்று. பட்டாசு வெடிக்கும் அசைபடத்தால் இந்த இரண்டாவது காரியத்தைச் செய்ய முடியாது.

குழந்தை என்ன உணர்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

குழம்பியிருக்கிறதா, சலித்துவிட்டதா என்பதைப் பொறுத்துப் பதில் மாற வேண்டும் என்றால், அதை முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஐவோன் அரோயோ, பெவர்லி வுல்ஃப் குழுவினர் 2009-இல் வகுப்பறைக்கே உணர்விகளைக் கொண்டுபோனார்கள். முகத்தைப் பார்க்கும் கேமரா, உட்காரும் விதத்தை அளக்கும் நாற்காலி, அழுத்தத்தை அளக்கும் மவுஸ், தோலின் மின்கடத்தலை அளக்கும் கைப்பட்டை ஆகியவை அதில் இருந்தன. ஆய்வுக்கு அது சரி. அன்றாடப் படிப்புக்கு நடைமுறையில் மிஞ்சியது கேமரா மட்டும்.

கேமராவின் அடிப்படையே ஆட்டம் கண்டிருக்கிறது. லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் இன்னும் நான்கு ஆய்வாளர்களும் 2019-இல் முகபாவம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து அலசினார்கள். முகத்தை வைத்து உணர்வை உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்பது அவர்களின் முடிவு. கோபப்படும்போது எல்லோரும் முகத்தைச் சுளிப்பதில்லை. முகத்தைச் சுளிக்கும் எல்லோரும் கோபத்தில் இல்லை. கணக்கில் மூழ்கிய குழந்தையின் சுருங்கிய புருவத்தைக் கோபம் என்று படித்து ஜோக் சொல்லத் தொடங்கும் ஒரு செயலி, நல்ல தருணத்தைக் கலைத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போய், கல்வி நிறுவனங்களில் முகம், குரல் போன்ற உடல்சார் தரவுகளிலிருந்து உணர்வை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவைத் தடை செய்துவிட்டது. மருத்துவம், பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு. 2025 பிப்ரவரி 2 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். படிக்கும் நேரம் முழுக்கத் தன் முகத்தை யாரோ அளக்கிறார்கள் என்ற நினைப்போடு ஒரு குழந்தை வளரத் தேவையில்லை.

இதைவிட எளிமையான வழி ஒன்று உண்டு. குழந்தை என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் போதும். இந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் எடுத்தது, எந்த இடத்தில் அழித்து எழுதியது, குறிப்பை எப்போது கேட்டது என்பவை செயலியிடம் ஏற்கெனவே இருக்கின்றன. விடை வருகிற வரை குறிப்புப் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருப்பது, யோசிக்காமல் ஒவ்வொரு விடையாகப் போட்டுப் பார்ப்பது போன்ற போக்குகளை பேக்கர் 2004-இலேயே பதிவுகளிலிருந்து பிரித்துக் காட்டினார். அப்படிச் செய்கிற மாணவர்கள் குறைவாகவே கற்றார்கள். இதில் கேமரா எதற்கும் வேலையில்லை. ஊகம் தப்பானாலும் சேதம் குறைவு. “கொஞ்சம் வேகமாகப் போகிறாயோ?” என்று கேட்பதற்கு, குழந்தையின் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சோதித்துப் பார்த்தபோது

உணர்வறிந்து பேசும் ஆசிரியர் நிஜமாகவே கற்றலைக் கூட்டுகிறதா? மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஆட்டோடியூட்டர் என்ற உரையாடல் ஆசிரியருக்கு டிமெல்லோவும் கிரேசரும் உணர்வு சேர்த்தார்கள். மாணவர் சோர்ந்தால் அது பழியைப் பாடத்தின் மீதோ தன் மீதோ போட்டுக்கொண்டு ஊக்கப்படுத்தும். 2010-இல் வந்த முடிவுகளில், பாடத்தில் பின்தங்கியிருந்தவர்களுக்கு இரண்டாவது அமர்வில் அது உதவியது. ஏற்கெனவே ஓரளவு தெரிந்தவர்களுக்குப் பயனில்லை. இவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்னே சொன்ன அரோயோ குழுவின் கணக்கு மென்பொருளில் ஜேன், ஜேக் என்று இரண்டு துணைக் கதாபாத்திரங்கள் வந்தன. மாணவிகளின் எரிச்சல் குறைந்தது. மாணவர்களில் பலருக்குக் கதாபாத்திரம் இல்லாமலிருந்ததே நன்றாக இருந்தது.

ரோபோக்களின் கதையும் கலவைதான். எம்.ஐ.டி.யின் ‘டேகா’ ரோபோ, பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளுக்கு ஸ்பானிஷ் சொற்கள் கற்றுக்கொடுத்தபடியே, எந்தக் குழந்தைக்கு எப்படி எதிர்வினை காட்டலாம் என்று தானும் கற்றுக்கொண்டது. 2016 முடிவுகளின்படி அந்தக் குழந்தைகளின் உற்சாகம் கூடியது. அதே போன்ற இன்னொரு முயற்சியில் ஜேம்ஸ் கென்னடி, பால் பாக்ஸ்டர், டோனி பெல்பாமே 2015-இல் கண்டது நேர் எதிர். பகா எண்களைச் சொல்லிக்கொடுத்த ரோபோ, கலகலப்பாகப் பழகியபோது குழந்தைகள் கற்றது குறைவு. அந்தக் கலகலப்பு இல்லாதபோது அதிகம். குழந்தையின் கவனம் எண்களை விட்டு ரோபோவிடம் போய்விட்டிருக்கலாம். மனித ஆசிரியரின் முகம் பாடத்தின் பக்கம் குழந்தையைத் திருப்பும்; பொம்மையின் முகம் சில நேரம் பாடத்தோடு போட்டி போடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு பாதை. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கௌதம் பிஸ்வாஸும் ஸ்டான்ஃபோர்டின் டேனியல் ஷ்வார்ட்ஸும் சேர்ந்து வளர்த்த மென்பொருளில், திரையில் இருக்கும் ‘பெட்டி’ (Betty) என்ற பெண் ஆசிரியை இல்லை, மாணவி. குழந்தைதான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறகு பெட்டி தேர்வு எழுதுவாள். 2009-இல் வந்த முடிவுகளில், தனக்காகப் படித்த பிள்ளைகளைவிட பெட்டி போன்ற மாணவருக்காகப் படித்த பிள்ளைகள் அதிக நேரம் பாடத்தில் செலவிட்டார்கள், அதிகம் கற்றார்கள். பின்தங்கியவர்களிடம் இது நன்றாகவே தெரிந்தது. திரையில் இருப்பவள் தோற்றால் அவர்கள் வருத்தத்தை மறைக்கவில்லை, ஏன் தோற்றாள் என்று காரணம் தேடினார்கள். தானே தோற்றிருந்தால் அதைப் பற்றிப் பேசவே பிடிக்காது. தோல்வி கொஞ்சம் தள்ளி நிற்கும்போது அதைக் கண்ணுக்கு நேராகப் பார்க்க முடிகிறது. குழந்தையைத் தேற்றுவதற்குப் பதிலாகக் குழந்தையிடமே ஒரு பொறுப்பைக் கொடுத்த வடிவமைப்பு இது. செயலி செய்பவர்கள் இதை ஏன் இன்னும் பரவலாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு ஆதங்கம்.

புதிய மொழி மாதிரிகளின் இனிப்பு

2023 மார்ச்சில் இணையவழிக் கல்வித் தளமான கான் அகாடமி ‘கான்மிகோ’ என்ற தன் செயற்கை நுண்ணறிவு ஆசிரியரை அறிமுகப்படுத்தியதிலிருந்து, மொழி மாதிரியின் மேல் கட்டிய ஆசிரியர்கள் வரிசையாக வருகிறார்கள். 2/5 என்று எழுதிய குழந்தையின் வழியைப் படித்து, அதற்கென்றே ஒரு கேள்வி கேட்க இவற்றால் முடியும். பழைய பொம்மைகளால் முடியாத காரியம் இது, பெரிய வாய்ப்பு.

ஆனால் இந்த மாதிரிகளுக்கு ஒரு பிறவிச் சாய்வு உண்டு. மனிதர்கள் எந்தப் பதிலை விரும்பினார்கள் என்பதை வைத்து இவை பழக்கப்படுத்தப்படுகின்றன. நம்மை ஒப்புக்கொள்ளும் பதில், புகழும் பதில் எல்லோருக்கும் பிடிக்கும். அதனால் புகழ்ச்சி தானாகக் கூடிக்கொண்டே போகும். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாதிரியின் ஒரு புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றதற்குக் காரணமே, அது எதைச் சொன்னாலும் அளவுக்கு மீறித் தலையாட்டிப் புகழ்ந்ததுதான். பயனர்களின் உடனடி விருப்பத்துக்கு அதிக எடை கொடுத்துவிட்டதாக நிறுவனமே விளக்கியது. பெரியவர்கள் கவனித்துப் புகார் சொன்னார்கள். எட்டு வயதுக் குழந்தை ‘என்னை அளவுக்கு மீறிப் புகழ்கிறது’ என்று புகார் சொல்லாது.

இன்னொன்று, பிரியும் நேரம். கதாபாத்திரத்தோடு குழந்தைக்கு ஏற்படும் பிணைப்பு கற்றலுக்கு உதவும் என்பதற்குச் சான்று இருக்கிறது. பிடித்த பாத்திரம் கேட்கும் கணக்குக்குக் குழந்தைகள் உற்சாகமாகப் பதில் சொல்கிறார்கள். அந்தப் பிணைப்பையே குழந்தையைத் திரையில் பிடித்து வைக்கவும் பயன்படுத்த முடியும். ஒரு நாள் வராவிட்டால் அழுகிற பொம்மை, மூடப் போனால் கெஞ்சுகிற பொம்மை எல்லாம் அந்த வகை. இங்கே காட்டப்படும் உணர்வுக்கும் குழந்தை கற்ற எதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு செயலியைக் குழந்தையிடம் கொடுப்பதற்கு முன் பெற்றோரே அரை மணி நேரம் அதில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. விளம்பரத்திலோ மதிப்புரையிலோ இது தெரியாது. ஒரே தப்பை மூன்று முறை வேண்டுமென்றே செய்யுங்கள். மூன்றாம் முறையும் அதே ஆறுதல் வாக்கியம் வருகிறதா, வேறு கேள்வி வருகிறதா என்று பாருங்கள். யோசிக்காமல் தட்டிச் சரியாக அமைந்த விடைக்கு எவ்வளவு கைதட்டல் கிடைக்கிறது, அழித்து அழித்து எழுதிய விடைக்கு எவ்வளவு என்று கவனியுங்கள். ஒன்றும் செய்யாமல் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். எவ்வளவு நேரம் உங்களை யோசிக்க விடுகிறது? சரியான விடையைப் போட்டுவிட்டு, “இல்லை, இது தப்பு என்று நினைக்கிறேன்” என்று எழுதிப் பாருங்கள். உடனே உங்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறதா? கடைசியாக, “நான் போகிறேன்” என்று சொல்லுங்கள். “சரி, போய் வா” என்று விட்டால் நல்லது. போகாதே என்று முகம் வாடினால், கணக்கை எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும் சரி, அந்தச் செயலியை ஒரு குழந்தையின் கையில் நான் கொடுக்க மாட்டேன்.